கொம்பில்லாத வைக்கிங்குகள்: கரடுமுரடான நார்ஸ் காம்பெயினுக்கு எதை எங்கே தேடுவது?

கேள்வி இதுதான்: “நாலைந்து நண்பர்களை வைத்து டேபிள்டாப் ஆர்பிஜி காம்பெயின் ஒன்று நடத்தப் போகிறேன். வைக்கிங் காலம். இடி இடிக்கும் சுத்தியல், மின்னும் கவசம் எதுவும் வேண்டாம். குளிர், பசி, பழிக்குப் பழி, சாவு எல்லாம் உறைக்க வேண்டும். எந்த ரூல்புக் வாங்கலாம்? பின்னணித் தகவல் எங்கே கிடைக்கும்?”

புதியவர்களுக்கு ஒரு வரி: டேபிள்டாப் ஆர்பிஜி என்பது நண்பர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி நடத்தும் கதை விளையாட்டு; பல நாள் தொடரும் ஒரே கதை காம்பெயின், ஒரு நாள் ஆட்டம் செஷன், கதையை நடத்துபவர் ஜிஎம். நார்ஸ் என்றால் பழைய ஸ்காண்டிநேவிய மக்கள். இனி பதில்: ரூல்புக்கைக் கடைசியில் வாங்குங்கள். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான் தேடுகிறார்கள்: கை கால் துண்டாகும் கிரிட்டிகல் ஹிட் அட்டவணை, குளிரில் விறைத்துச் சாவதற்கு ஒரு விதி, கொஞ்சம் பேய் பிசாசு. இவை எந்த ரூல்புக்கிலும் கிடைக்கும், இல்லாவிட்டால் ஒரு மாலையில் நாமே எழுதிக்கொள்ளலாம். எழுதிக்கொள்ள முடியாதது வேறு. அந்த ஊரில் ஒருவன் கத்தியை எடுத்தபின் ஏன் அவனால் நிறுத்த முடியவில்லை, யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறான், கொன்றவனும் செத்தவனின் அண்ணனும் அடுத்த கோடையில் ஒரே மைதானத்தில் ஏன் முகத்துக்கு முகம் நிற்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் ஐஸ்லாந்து சாகாக்களில் இருக்கிறது. பழைய உரைநடைக் கதைகளான அவை பெரும்பாலும் 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டவை. சொல்லும் காலமோ ஏறக்குறைய 930 முதல் 1030 வரை.

காம்பெயினை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பலரும் 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்ததையோ, 865இல் இங்கிலாந்தில் இறங்கிய பெரும்படையையோ பிடித்துக்கொள்கிறார்கள். தப்பில்லை, ஆனால் கொள்ளைக் கதை சீக்கிரம் நீர்த்துவிடும். போனோம், அடித்தோம், அள்ளினோம், கப்பலேறினோம். அடிபட்டவனுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. மூன்றாவது செஷனில் பிளேயர்கள் அடுத்த மடம் எங்கே என்று கேட்பார்கள். குடியேற்றக் கால ஐஸ்லாந்தில் அந்த வசதி கிடையாது. அடித்தால் அடிபட்டவன் பக்கத்துப் பண்ணைக்காரன். அவன் மாமனாரிடம்தான் உங்கள் தங்கை வேலை செய்கிறாள். ஓடிப்போக ஊர் இல்லை, சுற்றிலும் கடல்.

அந்த நாட்டில் ராஜா கிடையாது. 930 வாக்கில் திங்வெட்லிர் சமவெளியில் அல்திங் என்ற பொதுச்சபை தொடங்கியது. ஆண்டுதோறும் கோடையில் நாடே அங்கே கூடும். கோதி எனப்படும் தலைவர்கள் வருவார்கள், வழக்குகள் நடக்கும். சட்டம் அப்போது ஏட்டில் இல்லை; சட்டம் சொல்பவர் ஒருவர் மூன்றில் ஒரு பங்கு வீதம் மூன்று ஆண்டுகளில் முழுச் சட்டத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். தீர்ப்பு வரும். தீர்ப்பை நிறைவேற்ற போலீசோ சேவகனோ இல்லை, ஜெயித்தவனேதான் போய் நிறைவேற்ற வேண்டும். தோற்றவன் பண்ணையில் முப்பது ஆட்கள் வாளோடு நின்றால் காதில் இனிக்கும் தீர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் சட்டம் தெரிந்தவனுக்கும் ஆள்பலம் உள்ளவனுக்கும் இடையில் ஓயாத பேரம். உங்கள் காம்பெயினுக்கான அத்தனை இறுக்கமும் இந்த இடுக்கில்தான் கிடக்கிறது.

தண்டனைகளையும் தெரிந்துகொள்ளுங்கள், அப்படியே விளையாட்டு விதியாக மாறக்கூடியவை. சின்ன ஒதுக்கல் என்றால் மூன்று ஆண்டு நாடு கடத்தல். முழு ஒதுக்கல் என்றால் சொத்து பறிபோகும், சோறு போட்டவனும் குற்றவாளி ஆவான், கண்ட இடத்தில் எவனும் வெட்டலாம், கேட்பாரில்லை. கிரெட்டிர் என்பவன் அப்படிப் பத்தொன்பது ஆண்டுக்கும் மேல் தாக்குப்பிடித்ததாக அவன் சாகா சொல்கிறது. இன்னொன்று: ஆளைக் கொன்றவன் தாமதிக்காமல் அக்கம்பக்கத்து வீட்டில் போய் ‘நான்தான் கொன்றேன்’ என்று அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அது நஷ்டஈடு கொடுத்துத் தீர்க்கக்கூடிய கொலை. மறைத்தால் இழிவான மறைகொலை. பிளேயர்கள் ஒருவனை வெட்டிவிட்டுப் பிணத்தைப் பனியில் புதைக்கலாமா என்று யோசிக்கும்போது இந்த விதியை மெல்ல எடுத்துப் போடுங்கள். டைஸ் உருட்டாமலே மேஜையில் அரை மணி நேரம் சண்டை நடக்கும்.

சாகாக்களில் எல்லோரும் சொல்வது நியால் சாகாவை. மிகச் சிறந்தது அதுதான், ஆனால் அதில் தொடங்காதீர்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள், பாதிப் பெயர் தோர் என்று தொடங்கும். ஹ்ராஃப்ன்கெல் சாகாவில் தொடங்குங்கள். ஒரே உட்காரலில் முடிக்கலாம். தன் குதிரை மேல் எவனும் ஏறக்கூடாது, ஏறினால் கொல்வேன் என்று சத்தியம் செய்த ஒரு தலைவன். ஆடுகளைத் தேடப் போய் வேறு வழியில்லாமல் அதன் மேல் ஏறிவிடும் ஒரு பையன். அங்கிருந்து கொலை, வழக்கு, அவமானம், பழி என்று ஒவ்வொன்றாக உருள்கிறது. அதில் நல்லவன் யார் என்று கடைசி வரை சொல்ல முடியாது. உங்கள் பிளேயர்களுக்கு அனுப்பிவைக்கக் கூடிய ஒரே சாகாவும் இதுதான். மற்றவை உங்களுக்கு.

அடுத்து, கோழித் தோரிர் சாகா. தலைப்பைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். கோழி விற்றுப் பணம் சேர்த்த ஒரு அற்பன் அவன். ஒரு வருஷம் புல் விளைச்சல் பொய்த்துவிடுகிறது. குளிர்காலத்தில் மாடும் ஆடும் பிழைப்பது கோடையில் அறுத்து உலர்த்தி வைத்த புல்லால்தான். அது தீர்ந்தால் மந்தை சாகும், மந்தை செத்தால் குடும்பம் சாகும். ப்ளுண்ட்-கேட்டில் என்ற தாராள மனசுக்காரன் தன் குத்தகைக்காரர்களுக்காகத் தன் குதிரைகளையே வெட்டிப் புல்லை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறான். அதுவும் போதவில்லை. தோரிரிடம் புல் குவிந்து கிடக்கிறது. என்ன விலை சொன்னாலும் தர மறுக்கிறான். கேட்டில் உரிய விலையை வைத்துவிட்டுப் புல்லை எடுத்துப் போகிறான். தோரிர் ‘கொள்ளையடித்துவிட்டான்’ என்று தலைவர் தலைவராகப் போய் அழுகிறான். கடைசியில் ஒருவன் வழக்கை எடுத்துக்கொள்கிறான், சம்மன் சொல்லப் போன இடத்தில் தோரிர் வளர்த்த சிறுவன் அம்பு பட்டு விழுகிறான். அந்தச் சிறுவனின் தகப்பன் ஒரு கோதி. தோரிர் குனிந்து அந்தப் பிணத்தின் வாயருகே காதை வைத்து நிமிர்கிறான்: “பையன் கடைசியாகச் சொன்னான், கேட்டிலை வீட்டோடு எரியுங்கள் என்று.” செத்த பையன் எதுவும் சொல்லவில்லை. வீடு எரிகிறது.

ஒரு கட்டு புல்லில் தொடங்கியது. டிராகன் வேண்டாம், சாபம் வேண்டாம். இதை அப்படியே பெயர் மாற்றி முதல் ஐந்து செஷனுக்கு வைத்துக்கொள்ளலாம். பிளேயர்களைக் கேட்டிலின் குத்தகைக்காரர்களாக வைத்தால் போதும்.

நியால் சாகாவில் உங்களுக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுக்கலாம். ஹால்கெர்த், பெர்க்தோரா என்ற இரண்டு மனைவிமாருக்கு ஒரு விருந்தில் உட்காரும் இடத்தை ஒட்டிச் சண்டை. ஒருத்தி தன் ஆளை விட்டு மற்றவளின் வேலைக்காரனைக் கொல்லச் செய்கிறாள். கணவர்கள் குன்னாரும் நியாலும் உயிர் நண்பர்கள். குன்னார் பன்னிரண்டு அவுன்ஸ் வெள்ளி கொடுத்துத் தீர்க்கிறான். அடுத்த கொலை எதிர்ப்பக்கம் விழுகிறது. நியால் அதே வெள்ளியை அப்படியே திருப்பிக் கொடுக்கிறான். தான் கொடுத்த பணம்தான் என்று குன்னாருக்கு அடையாளம் தெரிகிறது. பிறகு இன்னொரு கொலை, இன்னொன்று. ஒவ்வொரு முறையும் செத்தவனின் தகுதி ஒரு படி ஏறுகிறது, தொகையும் ஏறுகிறது. நட்பு மட்டும் உடையவில்லை, அதுதான் பயங்கரம். இந்தப் படிக்கட்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்: அடிமை, வேலைக்காரன், சுதந்திரமான ஆள், உறவினன். பழி ஒரு படி ஏறும்போதெல்லாம் பிளேயர்களுக்குப் பின்வாங்க ஒரு வாய்ப்புக் கொடுங்கள். பெரும்பாலும் வாங்க மாட்டார்கள்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். நீதிமன்றத்தில் அவர்களுக்கு இடமில்லை, ஆனால் பழியைத் தூங்கவிடாதவர்கள் அவர்கள்தான். கொலையுண்ட கணவனின் ரத்தம் உறைந்த மேலங்கியை எடுத்துவைத்திருந்து, சமாதானம் பேச நினைக்கும் சித்தப்பன் தோள்மேல் போடுகிறாள் நியால் சாகாவின் ஹில்டிகுன். உறைந்த ரத்தம் உதிர்ந்து அவன் மேலெல்லாம் கொட்டுகிறது. அதற்குப் பிறகு அவன் சமாதானம் பேசினால் ஆண்பிள்ளை இல்லை. இப்படி ஒரு காட்சியை ஒரு பிளேயர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

இவை எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். ஐஸ்லாண்டிக் சாகா டேட்டாபேஸ் என்ற தளத்தில் மூலமும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இருக்கின்றன. டேசென்ட் 1861இல் செய்த நியால் சாகாவும், வில்லியம் மாரிஸும் எய்ரிக்கூர் மக்னூசனும் 1869இல் செய்த கிரெட்டிர் சாகாவும் பதிப்புரிமை தீர்ந்தவை. ஆனால் அவற்றின் ஆங்கிலம் வேண்டுமென்றே பழசாக்கியது, ரெண்டு பக்கத்தில் தலை வலிக்கும். கொஞ்சம் செலவு செய்ய முடியுமென்றால் பெங்குயின் வெளியிடும் புதிய மொழிபெயர்ப்புகளை வாங்குங்கள். லண்டனை மையமாகக் கொண்ட வைக்கிங் சொசைட்டி ஃபார் நார்தர்ன் ரிசர்ச் தன் வெளியீடுகள் பலவற்றை இலவச பிடிஎஃப்பாகவே வைத்திருக்கிறது. எட்டாக்கள் (நார்ஸ் புராணத் தொகுப்புகள்), சாகா மொழிபெயர்ப்புகள், ஆய்வுக் கட்டுரைகள் எல்லாம் அதில் உண்டு. சாகாவில் வரும் இடங்களை வரைபடத்தில் குறித்துக் காட்டும் ஐஸ்லாண்டிக் சாகா மேப் என்ற தளமும் உண்டு. கையால் வரைந்த ஃபேண்டசி மேப்பை விட நிஜப் பள்ளத்தாக்கு எப்போதும் மேல், ஆற்றைக் கடக்க எங்கே சுற்ற வேண்டும் என்று அதிலேயே தெரியும்.

ஆராய்ச்சி நூல் ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் வில்லியம் இயன் மில்லர் 1990இல் எழுதிய ‘பிளட்டேக்கிங் அண்ட் பீஸ்மேக்கிங்’. மில்லர் சட்டப் பேராசிரியர். பழிவாங்கலை வரவு செலவுக் கணக்காக, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பார்க்கிறார். அதைப் படித்தபின் உங்கள் ஜிஎம் நோட்டு தானாகவே கடன் பேரேடு ஆகிவிடும். அது கனமாகத் தெரிந்தால் ஜெஸ்ஸி பையாக்கின் ‘வைக்கிங் ஏஜ் ஐஸ்லாந்து’. ஐஸ்லாந்து தாண்டிய முழுச் சித்திரத்துக்கு, அகழாய்வாளர் நீல் பிரைஸ் 2020இல் வெளியிட்ட ‘சில்ட்ரன் ஆஃப் ஆஷ் அண்ட் எல்ம்’. 2022இல் வந்த ‘தி நார்த்மேன்’ படத்துக்கும் அவர் ஆலோசகராக இருந்தார்.

பேய்க்கு வருவோம். கரடுமுரடான காம்பெயினில் அமானுஷ்யம் கூடாது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மக்களுக்குப் பேய் நிஜம். எண்ணிக்கையை மட்டும் குறையுங்கள், கனத்தைக் கூட்டுங்கள். எயிர்பிக்யா சாகாவில் ஃப்ரோதா பண்ணையில் நடப்பதைப் பாருங்கள். தோர்குன்னா என்ற ஹெப்ரிடீஸ் தீவுக்காரி நல்ல படுக்கை விரிப்புகளோடு வந்து தங்குகிறாள். சாகும்போது என் படுக்கையை எரித்துவிடுங்கள் என்று சொல்கிறாள். வீட்டுக்காரிக்கு அந்த விரிப்பின் மேல் ஆசை, எரிக்கவிடவில்லை. பிறகு நோய், சாவு. கடலில் மூழ்கிச் செத்தவர்கள் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்து நெருப்போரம் உட்கார்கிறார்கள். மண்ணில் புதைத்தவர்களும் வந்து துணியில் ஒட்டிய மண்ணை அவர்கள் மேல் உதறுகிறார்கள். உயிரோடிருப்பவர்கள் வேறு அறையில் தனியாக நெருப்பு மூட்டிக் குளிர் காய வேண்டியிருக்கிறது. எப்படி விரட்டினார்கள் தெரியுமா? படுக்கையை எரித்துவிட்டு, வாசலில் நீதிமன்றம் கூட்டி, செத்தவர்கள் மேல் அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டார்கள். சாட்சி, வாதம், தீர்ப்பு. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொரு பேயாக எழுந்து, இருக்க முடிந்த வரை இருந்தோம் என்பதுபோல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே போகிறது. வாள்வீச்சில் பேயைத் தீர்த்துக்கட்டப் பழகிய பிளேயர்கள் இந்த இடத்தில் திணறுவதைப் பார்க்க வேண்டும்.

மல்யுத்தமே வேண்டுமென்றால் கிரெட்டிர் சாகாவின் கிளாமர் இருக்கிறான். செத்துப் பிணமாய் எழுந்த ஆட்டிடையன். கிரெட்டிர் அவனை வீழ்த்துகிறான், ஆனால் வீழும்போது அவன் இட்ட சாபத்தால் சாகும் வரை இருட்டைக் கண்டால் பயம். தலைமறைவாய்த் தனியே திரிய வேண்டியவனுக்கு இருட்டுப் பயம்! ஹிட் பாயிண்ட் எனும் உயிர்ப் புள்ளிகளைக் கழிப்பதை விட இது எவ்வளவு கொடூரம் பாருங்கள்.

மந்திரத்துக்கு எரிக் த ரெட் சாகாவில் கிரீன்லாந்தில் குறி சொல்ல வரும் தோர்பியோர்க்கின் காட்சியைப் படியுங்கள். கீழ்விளிம்பு வரை கல் பதித்த நீல மேலாடை, உள்ளே வெள்ளைப் பூனைத்தோல் வைத்த கறுப்பு ஆட்டுக்குட்டித் தொப்பி, பூனைத்தோல் கையுறை, பித்தளைக் குமிழ் வைத்த கோல், கோழி இறகு அடைத்த மெத்தை. சாப்பாட்டுக்கு அங்கே கிடைத்த அத்தனை பிராணிகளின் இதயங்கள். சடங்குப் பாட்டுத் தெரிந்தவள் அங்கே ஒருத்திதான், அவளோ கிறிஸ்தவப் பெண், பாட மாட்டேன் என்கிறாள். பிறகு இழுத்துப் பிடித்துப் பாடவைக்கிறார்கள். பஞ்ச காலம் எப்போது முடியும் என்று கேட்கத்தான் இவ்வளவும். தீப்பந்து வீசும் மந்திரவாதி இந்த உலகத்தில் எடுபட மாட்டான்.

காயம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1030இல் நார்வேயில் ஸ்டிக்லஸ்டாட் போர். அதன் பின் ஒரு கொட்டகையில் பெண்கள் காயம்பட்டவர்களைக் கவனிக்கிறார்கள். வெங்காய வகைப் பூண்டு போட்டுக் கஞ்சி காய்ச்சி அவர்களுக்குக் கொடுக்கிறார்கள், பசிக்கு அல்ல. வயிற்றுக் காயத்திலிருந்து அந்தப் பூண்டு வாசனை வந்தால் குடல் கிழிந்திருக்கிறது, ஆள் பிழைக்க மாட்டான். தோர்மோத் என்ற கவிஞன் கஞ்சியை மறுத்துவிட்டு, நெஞ்சில் தைத்த அம்பு முனையைத் தானே குறடால் இழுக்கிறான்; கொக்கியில் ஒட்டி வந்த கொழுப்பைப் பார்த்து ராஜா நம்மை நன்றாகத்தான் போஷித்திருக்கிறார் என்று சொல்லிச் சாகிறான். இதை விதியாக்குவது எளிது: வயிற்றில் பட்டால் டைஸை உடனே உருட்டாதீர்கள். கஞ்சி கொடுத்து, ஒரு காட்சி கழித்து, மோந்து பார்ப்பவள் முகத்தை விவரித்துவிட்டு உருட்டுங்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பிரபல ஆர்பிஜியின் ஐந்தாம் பதிப்புதான் மேஜையில் பழக்கம் என்றால், எட்டு மணி நேரம் தூங்கினால் எல்லாக் காயமும் ஆறும் அந்த விதியோடு இந்தக் கதை ஒத்துப்போகாது. 2014 டன்ஜன் மாஸ்டர் கைடில் ‘கிரிட்டி ரியலிசம்’ என்ற மாற்று விதி இருக்கிறது: குட்டி ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள். ஓரளவு உதவும். ஆனால் ஐந்தாவது லெவலுக்கு (தேர்ச்சிப் படிக்கு) ஏறிவிட்ட ஆளுக்கு ஒரு கோடரி வெட்டு கொசுக்கடிதான் என்பதை அது மாற்றாது. என் யோசனை, வேறு சிஸ்டத்துக்கு, அதாவது வேறு விதித் தொகுப்புக்குப் போய்விடுங்கள்.

எந்த சிஸ்டத்துக்கு? வரலாற்று ஐஸ்லாந்தும் கொஞ்சம் மாயமும் சேர வேண்டுமென்றால் பெட்ரோ சிவியானி எழுதி கேயாசியம் வெளியிட்ட ‘மிதிக் ஐஸ்லாந்து’. நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில் ஓடும் பேசிக் ரோல்பிளேயிங் விதிகள். ஹிட் பாயிண்ட் லெவலோடு ஏறாது, இரண்டு நல்ல வெட்டில் ஆள் காலி. அதே ஆசிரியரின் ‘ஏஜ் ஆஃப் வைக்கிங்ஸ்’ அதன் வாரிசு. எனக்கு அதைவிடப் பிடித்தது கிரெகோர் வூகாவின் ‘சாகாஸ் ஆஃப் தி ஐஸ்லாண்டர்ஸ்’. அதில் சண்டை ஓரமாகத்தான் இருக்கிறது. பெண் கேரக்டருக்கு ஆணைத் தூண்டிவிடும் விதி இருக்கிறது, ஆணுக்கு மானம் காக்கும் கட்டாயம் இருக்கிறது. ஆண் பெண் என்று விதிகளையே பிரித்திருப்பது எல்லா மேஜைக்கும் ஒத்துவராது, முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பணமே செலவழிக்க விருப்பமில்லையா, ஷான் டாம்கின் 2018இல் வெளியிட்ட ‘அயர்ன்ஸ்வார்ன்’ அடிப்படை நூல் இலவச பிடிஎஃப். இரும்பைத் தொட்டுச் செய்யும் சபதம்தான் அதன் அச்சாணி. உலகம் கற்பனை, வாடை நார்ஸ். ஜிஎம் இல்லாமலும் விளையாடலாம்.

விதியை விட்டுவிட்டுத் தகவலுக்காக மட்டும் வாங்க ஏற்றவை இரண்டு பழைய நூல்கள், இரண்டுமே 1991: கிரீம் டேவிஸின் ‘கர்ப்ஸ் வைக்கிங்ஸ்’, டேவிட் குக்கின் ‘வைக்கிங்ஸ் கேம்பெயின் சோர்ஸ்புக்’. எந்த சிஸ்டம் என்றாலும் உதவும். ‘பென்டிராகன்’ ஆர்தர் ராஜா கதை, ஆனால் அதில் உள்ள குளிர்கால அத்தியாயத்தை அப்படியே திருடுங்கள். ஆண்டுக்கு ஒரு சாகசம், பிறகு குளிர்காலம்: விளைச்சல் எப்படி, யார் செத்தார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது, வயது கூடியது. பழி என்பது பல ஆண்டு விவகாரம், அதற்கு இந்த ஓட்டம்தான் பொருந்தும். ஸ்வீடன்காரர்களின் ‘மோர்க் போர்க்’ பற்றி யாராவது சொல்வார்கள். அழகான நூல், ஆனால் அது உலக அழிவின் ஹெவி மெட்டல், வைக்கிங் அல்ல.

பொருள் சார்ந்த விவரங்களுக்கு மியூசியங்கள்தான் தங்கச் சுரங்கம். கொம்பு வைத்த ஹெல்மெட் 1876இல் பைராய்ட்டில் வாக்னர் ஓபராவுக்குத் தைத்த உடைகளால் பரவியது. 1943இல் நார்வேயின் கியெர்முண்ட்புவில் கிடைத்த நிஜ ஹெல்மெட்டில் கொம்பும் இல்லை, பெரும்பாலான போராளிகளிடம் ஹெல்மெட்டே இருந்திருக்காது. டென்மார்க்கின் ரோஸ்கில்டே கப்பல் மியூசியத்தில் 1962இல் தோண்டி எடுத்த ஸ்குல்டெலெவ் கப்பல்கள் ஐந்து இருக்கின்றன. அவற்றில் நீண்ட போர்க்கப்பல் 1042 வாக்கில் டப்ளினில் கட்டியது, சுமார் 30 மீட்டர். அதன் மாதிரியைக் கட்டி 2007இல் டப்ளினுக்கே ஓட்டிப் போனார்கள். அந்தப் பயணத்தைப் பற்றிப் படித்தால் திறந்த கப்பலில் நனைந்த துணியோடு தூங்குவது என்றால் என்னவென்று பிடிபடும். சண்டை முறைக்கு ஹர்ஸ்ட்விக் என்ற குழுவின் தளம்: சாகா வர்ணனை, அகழ்பொருள், செய்து பார்த்த சோதனை மூன்றையும் ஒன்றாக வைத்து எழுதுகிறார்கள்.

இங்கிலாந்தில் யார்க் நகரின் ஜார்விக் வைக்கிங் மையத்தில் ஒரு மலக்கட்டியையே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், கேலி இல்லை. 1972இல் ஒரு வங்கி கட்டும் இடத்தில் கிடைத்தது, கிட்டத்தட்ட 20 செ.மீ. இறைச்சியும் ரொட்டியும் தின்ற ஆள், வயிறு நிறைய குடற்புழு. உங்கள் வீரனுக்கு ஒரு நாள் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொள்ள இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பெயர் வைக்கும்போது பட்டப்பெயரில் கஞ்சத்தனம் வேண்டாம். அது பெருமைக்கு வைப்பதில்லை, ஊர் ஒட்டுவது. நியால் சாகாவில் குளிக்காத உல்ஃப் இருக்கிறான். ஐஸ்லாந்தில் புல் நுனியெல்லாம் வெண்ணெய் சொட்டுகிறது என்று அளந்த தோரோல்ஃபுக்கு வெண்ணெய் என்றே பெயர். நாற்றக் குசு எய்ஸ்டெயின் என்று ஒருவன் குடியேறியோர் பதிவேட்டிலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிறான். கேரக்டர் ஷீட்டில் பட்டப்பெயர் இடத்தைக் காலியாக விட்டு, முதல் செஷனில் அசிங்கமாக நடந்துகொண்டதற்கு மற்ற பிளேயர்கள் வைக்கட்டும்.

காம்பெயின் நீண்டு இரண்டாம் பருவம் வேண்டுமென்றால் 13ஆம் நூற்றாண்டின் ஸ்டுர்லுங்கா சாகாவுக்குத் தாவுங்கள். எழுதியவர்கள் அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர்கள். வீரம் எல்லாம் வற்றிப் போய் உள்நாட்டுப் போராகிவிட்டது. 1253இல் ஃப்லுகுமிரியில் கல்யாண விருந்து முடிந்த இரவு வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள். தலைவன் கிஸுர் புளித்த மோர்த் தொட்டிக்குள் மார்பு வரை அமுங்கி ஒளிந்துகொள்கிறான். தேடி வந்தவர்கள் ஈட்டியை உள்ளே விட்டுத் துழாவுகிறார்கள். ஈட்டி உரசும்போதெல்லாம் கையால் மெல்ல விலக்கிவிடுகிறான். குளிரில் முதலில் நடுங்கிக்கொண்டிருந்தவன் அவர்கள் உள்ளே வந்ததும் நடுங்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பிழைத்துக்கொண்டான். மனைவியும் மூன்று மகன்களும் பிழைக்கவில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ரூன் எழுத்து, நார்ஸ் சின்னம் என்று இணையத்தில் தேடினால் வெள்ளை இனவெறிக் கும்பல்களின் குப்பையும் சேர்ந்தே வரும். அவர்கள் இந்தச் சின்னங்கள் சிலவற்றைத் தமதாக்கிக்கொண்டிருக்கிறார்கள். ‘வைக்கிங் திசைகாட்டி’ என்று டி-ஷர்ட்டில் விற்கும் வெக்விசிர் வைக்கிங் காலத்ததே அல்ல, 19ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்துக் கையெழுத்துப் பிரதியில்தான் இருக்கிறது. மியூசியம், பல்கலைக்கழகம், மேலே சொன்ன தளங்கள் தவிர வேறெதையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

இன்னொன்று அடிமைகள். அதைத் துடைத்துவிட்டு அந்தச் சமூகத்தைக் காட்ட முடியாது. ஐஸ்லாந்தில் குடியேறிய பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரின் தாய்வழி வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லோரும் விரும்பி வந்தவர்கள் இல்லை. லக்ஸ்டேலா சாகாவில் மெல்கோர்கா என்ற அடிமைப் பெண் மூன்று மார்க் வெள்ளிக்கு விலை போகிறாள், ஊமை என்று நினைத்து வாங்குகிறார்கள். தன் மகனோடு ஓடையருகே பேசிக்கொண்டிருப்பதைக் கேட்ட பிறகுதான் தெரிகிறது, அவள் ஐரிஷ் ராஜாவின் மகள், இத்தனை நாள் வாய் திறக்க மறுத்திருக்கிறாள். இப்படி எழுதினால் அடிமை ஒரு மனுஷி. பிளேயர்கள் கையில் பொழுதுபோக்குக் கொடூரமாக மாறினால் மேஜை நாறிவிடும். விளையாட்டுத் தொடங்கும் முன் எது காட்சியாகவே வரும், எது பேச்சோடு நிற்கும், எது வரவே வராது என்று நேராகப் பேசி முடித்துவிடுங்கள்.

தொடக்கத்துக்கு ஒரு நோட்டும் ஒரு பள்ளத்தாக்கும் போதும். ஆறு பண்ணை வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் தலைவன், எவ்வளவு புல் இருக்கிறது, யாருக்கு யார் பெண் கொடுத்தது, பழைய கொலை ஏதாவது தீராமல் நிற்கிறதா என்று நாலு வரி. பிளேயர்களை நடுத்தரப் பண்ணையில் வையுங்கள், பெரியவனும் வேண்டாம், அடிமையும் வேண்டாம். குளிர்காலக் கடைசி, புல் தீர்ந்துகொண்டிருக்கிறது. அன்றைக்குக் கரையில் ஒரு திமிங்கலம் ஒதுங்குகிறது, எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தகராறு. கிரெட்டிர் சாகாவிலும் பஞ்ச வருஷத்தில் இப்படி ஒரு திமிங்கலத்துக்காக அடித்துக்கொள்கிறார்கள், ஆயுதம் இல்லாதவர்கள் திமிங்கலத் துண்டையே எடுத்து வீசி. அந்த அத்தியாயத்தை முந்தின இரவு ஒருமுறை படித்துவிட்டு மேஜைக்குப் போங்கள். எல்லைக்கல் எங்கே நட்டிருந்தது என்பதை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். ஆளுக்கொரு சாட்சியோடு வருவார்கள்.